பெரிசும் சின்னனும்

நவம்பர் 20
சோடி சேர்க்க ரெண்டு கோமாளி மீன்: பெரிசு 7 சென்ரிமீற்றர், சின்னன் 3. இவ்வளவு வித்தியாசம் வேணும். கோமாளி மீன் குஞ்சில பெட்டை என்று ஒன்றும் இல்ல. கூட்டத்தில ஆகப் பெரியது பெட்டையாகும், ஆனது திரும்பாது. ரெண்டு வருசம் தனிய நின்ற பெரிசு பெட்டையாத்தான் இருக்கும். அதே அளவில இன்னொன்றை விட்டால் ஒன்று செத்துத்தான் மற்றது ஓயும்.

நவம்பர் 21
துளை போட்ட பெட்டிக்குள்ள சின்னன். பெரிசு வெளியால நின்று முட்டுது.

நவம்பர் 23
முட்டுது.

நவம்பர் 25
திறந்தது பிழை. 5 நாள் போதாது, அதுவும் பட்டப்பகலில, பெரிசின்ர மூலையிலேயே. சின்னன்ர வால் நூல் நூலாக் கிழிஞ்சிருக்கு. திரும்பப் பெட்டிக்குள்ள.

நவம்பர் 28
மட்டக்களப்பு முகத்துவாரம் வெட்டியாச்சு, வாவித் தண்ணி முழுக்கக் கடலில. தொட்டிக்கெண்டு கல்லடிக் கடலில அள்ளினதின்ர சாரடர்த்தி (உப்புக் கூடினால் இதுவும் கூடும்) 1.017. தொட்டி 1.025. 20 லீட்டர் கேனுக்கு 220 கிராம் மீன்தொட்டி உப்பு, காற்றுக்கல் போட்டு ஒரு நாள், பிறகு திரும்ப அளக்க வேணும். சாப்பாட்டு உப்பு வேண்டாம். கல்சியமும் மக்னீசியமும் அதில இல்ல. கலங்கல் வேற. மழைக்கு முன்னமே கேன்களை நிரப்பியிருக்க வேணும், ஒவ்வொரு வருசமும் இதே கதை.

நவம்பர் 29
1.025. சின்னன்ர வால் கிழிஞ்ச இடத்தில வெள்ளைப் பஞ்சு மாதிரித் தொற்று இல்ல.

டிசம்பர் 5
கல்லெல்லாம் மாத்தி அடுக்கி, மண்சட்டி மற்ற மூலைக்கு. தன்ர இடம் எதென்று பெரிசுக்குத் தெரியக்கூடாது. கூனி இறாலைப் பொடியா அரிஞ்சு ரெண்டுக்கும் வயிறு நிரம்பப் போட்டு, லைற் அணைச்சு அரை மணித்தியாலத்தால பெட்டி திறப்பு. துரத்தினால் துரத்தட்டும். வாயோட வாய் பூட்டினால் மட்டும் அந்த நிமிசமே பிரிக்க வேணும்.

டிசம்பர் 6
நடுங்கினது! பெரிசு பாய்ஞ்சு வர, சின்னன் ஓடேல்ல. ஒரு பக்கம் சரிஞ்சு, தலையில இருந்து வால்வரைக்கும் குளிர்காய்ச்சல் மாதிரி ஒரு உதறல். பணிஞ்சிட்டுது. பெரிசு கிட்ட வந்து நின்று, கொத்தாமல் விலகினது.

டிசம்பர் 7
4 தரம் நடுங்கினது.

டிசம்பர் 9
கரண்ட் 3 மணித்தியாலம் இல்ல. பற்றரிப் பம்ப் ஓடினது. அடுத்த கேன் 1.019.

டிசம்பர் 11
இரவு டோர்ச் அடிச்சால் ரெண்டும் சட்டிக்குள்ள, சின்னன் பெரிசின்ர செட்டைக்குக் கீழ. கோமாளி மீன் கடலில ஒட்டி வாழுற கடல் தாமரை கட்டாயமில்ல, சட்டியே காணும். வால் பாதி மூடியிருக்கு. முட்டைக்கு அவசரமில்ல, சின்னன் வளர மாசக்கணக்காகும்.

டிசம்பர் 12
பெரிசு சாப்பிடேல்ல. மழை. ஒரு கேன்தான் மிச்சம்.