குமரி மாவட்ட வரைபடத்தில் பொடி எழுத்து: புள்ளியைக் காப்பாற்றிய விதம்

வேலை இதுதான்: கன்னியாகுமரி மாவட்டத்தின் 6 வட்டங்களையும், முக்கிய ஊர்களையும் ஆறுகளையும் 1080 பிக்சல் அகலமுள்ள ஒரே படத்தில் அடக்க வேண்டும். படம் வரையவும் திருத்தவும் உதவும் ஜிம்ப்தான் மென்பொருள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ்.

முதல் சுற்றில் 4000 பிக்சல் அகலத்தில் வரைந்து, ஊர்ப்பெயர்களை 40 பிக்சலில் அடித்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து 1080க்குச் சுருக்கியது. எழுத்து 10.8 பிக்சலாகிவிட்டது. கல்குளம் 'கலகுளம' ஆயிற்று, தக்கலை 'தககலை'. தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். இந்த அளவில் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு பிக்சல். அது ஒரே கட்டத்துக்குள் விழாமல் நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் விழுந்தால், ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு கருமைதான் கிடைக்கும். பார்வைக்கு வெறும் கறை. ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன் பில்டர் போட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரும், போன புள்ளி வராது.

இரண்டாம் சுற்றில் வரிசையை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நிலத்தையும் கடலையும் பெரிதாக வரைந்து முதலில் 1080க்குச் சுருக்கி, அதன் பிறகே எழுத்தை அடிக்க வேண்டும். அடித்த எழுத்தை, அளவை இழுத்து மாற்றும் ஸ்கேல் டூலால் இழுக்கவே கூடாது, அது வெறும் படமாகிவிடும். அளவு எண்ணைத்தான் மாற்ற வேண்டும். 12, 14, 16, 18 என்று நான்கிலும் 'அகஸ்தீஸ்வரம்' என்று அடித்துப் பார்த்தது. இரண்டு 'ஸ்', கடைசியில் ஒரு 'ம்' இருப்பதால் சோதனைக்கு இது நல்ல ஊர்ப்பெயர். மூன்று புள்ளியும் தெளிவாக நின்றது 16இலிருந்துதான்.

தடிமனில் லைட் வேண்டாம். கோடு ஒரு பிக்சலுக்கும் குறைந்து சாம்பலாகிவிடுகிறது. போல்டில் 'ண', 'ழ' உள்வெளி அடைகிறது. மீடியம் சரியாக அமைந்தது. எழுத்தின் ஓரத்தைச் சாம்பல் பிக்சல்களால் மென்மையாக்கும் ஆன்டிஅலியாசிங் இருக்கட்டும், எடுத்தால் வளைவுகள் படிக்கட்டாகும். எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டங்களோடு பொருத்தும் ஹின்டிங்கை 'ஸ்லைட்'டில் (லேசாக) வைத்தது. 'ஃபுல்' (முழுதாக) வைத்தபோது 'ஆரல்வாய்மொழி'யில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லை.

குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கரையோரப் பெயர்கள் பாதி நிலத்திலும் பாதி கடலிலும் விழும். எழுத்துக்குப் பின்னால் வெளிர் நிற விளிம்பு தேவை. எழுத்தின் மேலேயே கோடு போட்டால் புள்ளியை அது தின்றுவிடும். ஆல்ஃபா டு செலக்ஷனால் எழுத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடு, க்ரோவால் அந்தத் தேர்வை 2 பிக்சல் விரி, எழுத்துக்குக் கீழே புது லேயரில் (அடுக்கில்) வெளிர் நிறத்தை நிரப்பு, அவ்வளவுதான். கடல் நீலத்தில் சிவப்பு எழுத்தைத் தவிர்க்கலாம். ஜேபெக் கோப்பில் நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0 சப்சாம்பிளிங் இருந்தால் நிற விவரம் இரு திசையிலும் பாதியாகி, சிவப்பின் ஓரம் கசியும். ஆகவே விவரம் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி. வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பினால் மீண்டும் சுருக்கப்பட்டு உழைப்பெல்லாம் வீண்.

இதே படத்தை அச்சுக்குக் கொடுக்க முடியாது. 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 16 பிக்சல் என்பது 3.84 பாயின்ட், படிக்க முடியாத பொடி. அச்சுப் பிரதிக்குப் பெயர்களை, கோட்டோவியம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் 7 பாயின்டில் தனியாக அடித்து, பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றும் தேர்வைப் போட்டது. நாகர்கோவிலில் எந்த அச்சகக் கணினியில் திறந்தாலும் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வராது. மாற்றுவதற்கு முந்தைய கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும், பாத் ஆன பிறகு எழுத்துப்பிழை திருத்த வழியில்லை.

இன்னும் சரியாகாதது ஆற்றுப் பெயர்கள். வளைவோடு சாய்த்து அடித்த 'கோதையாறு' ஜிம்பில் இன்னும் மங்கலாகவே இருக்கிறது. இப்போதைக்கு அதை நேராகப் படுக்கவைத்திருக்கிறது.