கோயில் இல்லாத குன்று

வேலூர்க்காரர்களுக்கு ஊரைப் பற்றிய பழைய கிண்டல் தெரியும்: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்த பிறகு கடைசி வரி மட்டும் செல்லாது. மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து இங்கிலாந்தின் கெண்டலுக்குக் குடிவந்தபோது, மொட்டை மலைகள் இங்கேயும் இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரு ஆறுதல். தண்ணி விஷயத்தில்தான் ஊர் நேர் எதிர்.

கெண்டலை ஒட்டிய, மலையும் ஏரியுமான லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா என்றாலே எல்லோரும் இங்கிலாந்தின் உயரமான மலையான 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக்கைத்தான் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது ஆம்பிள்சைட் ஊரை ஒட்டிய லஃப்ரிக் ஃபெல் என்ற குன்று. வெறும் 335 மீட்டர். ஏலகிரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சுற்றிலும் ஏரிகள்: வடக்கே கிராஸ்மியரும் ரைடல் வாட்டரும், தென்கிழக்கே விண்டர்மியர், மேற்குப் பக்கம் எல்டர்வாட்டர், அடிவாரத்தில் குட்டியாக லஃப்ரிக் டார்ன். காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி கரை கட்டித் தேக்கியவை அல்ல, பனியுகத்தில் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள்.

தேசியப் பூங்கா என்றதும் நான் வனத்துறை செக்போஸ்ட்டைத் தேடினேன். வாசலே கிடையாது! உள்ளே ஊர், பள்ளிக்கூடம், ஆட்டுப் பண்ணை எல்லாம் இருக்கின்றன. மலை தனியாருடையது என்றாலும், 2000-ம் ஆண்டுச் சட்டப்படி இப்படித் திறந்து கிடக்கும் மேட்டு நிலத்தில் யாரும் கால்நடையாகப் போகலாம். வழியில் கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும், ஆடுகள் போய்விடும். அந்நிய ஊரில் யார் நிலத்திலோ தைரியமாக நடப்பது பழகவே எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

ரைடல் பக்கமாக ஏறினால் பழைய சிலேட்டுக் குவாரி ஒன்று குகையாக நிற்கும்; உள்ளே தரையெல்லாம் தண்ணீர், கல் விட்டுக் கல் தாண்டித்தான் போக வேண்டும். மேலே மேடுகள் பல, எது உச்சி என்றே குழப்பும். சர்வேக்காரர்கள் நட்ட தூண் இருப்பதுதான் உச்சி.

அங்கிருந்து வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "இன்னாடா இது, அவ்ளோ தூரம் ஏறி ஒரு முருகன் கூட இல்லையா?" என்றார் அம்மா. வள்ளிமலை, ரத்தினகிரி என்று ஏறியவரிடம் வெறும் தூணைக் காட்டினால் வேறென்ன கேட்பார்? ஏரிகளைக் காட்டினேன். "இதுல பாதியைப் பாலாத்துல விடச் சொல்லு" என்றார்.

யாராவது வருவதாக இருந்தால், காரை விட்டுவிட்டு கெண்டலில் 555 பஸ் பிடியுங்கள். ஆம்பிள்சைட் பார்க்கிங் காசில் ஆம்பூர் பிரியாணியே சாப்பிடலாம். அப்புறம், வெயில் அடித்தாலும் மழைக் கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.