மனுவை முதல் வாரமே அனுப்பிவிடுங்கள்

கல்லூரியில் மனித உரிமைப் பாடத்தாளில் செய்முறைப் பகுதி சேர்க்கும்போது பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. சட்டத்தை முழுக்க நடத்திமுடித்து, ஆறாவது வாரத்தில் அரசு அலுவலகக் கோப்பில் இருப்பதைக் கேட்டுத் தகவல் உரிமை மனு எழுதும்படி மாணவர்களிடம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ முதல் மேல்முறையீடு. அதற்கு 30 நாள், நீட்டித்தால் 45. தபால் நாட்களையும் சேர்த்தால் பன்னிரண்டு வாரம் ஓடிவிடும். செமஸ்டரே பதினாறு வாரம்தான். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 6, 7, 19 பிரிவுகளை (மனு, பதில், மேல்முறையீடு) ஒரே வகுப்பில் சொல்லி மனுவை அனுப்பிவிடலாம். மற்றதைப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் நடத்திக்கொள்ளலாம்.

எதைக் கேட்பது? எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளையும் அவர்களுக்கான நிவாரணத்தையும் கவனிக்கும் மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 17ஆம் விதிப்படி ஆட்சியர் தலைமையில் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கடைசி நான்கு கூட்டங்களின் தேதி, கூட்டக் குறிப்பின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல் ஆகிய மூன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். மாணவர்களின் கை தானாக 'ஏன் கூட்டவில்லை?' என்றுதான் எழுதும். அடித்துவிடுங்கள். கோப்பில் இருப்பதைத்தான் தர முடியும், காரணம் கேட்டால் அது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். மனு குடிமகனின் பெயரில் இருக்க வேண்டும். 'மாணவர் மன்றம்' என்று கையெழுத்திட்டால் திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகிவிடும். வெளிநாட்டு மாணவர் வரைவு எழுதலாம், கையெழுத்திட முடியாது. முகவரிக்குக் கல்லூரியில் உங்கள் துறையின் முகவரியையே கொடுங்கள். ஊர் முகவரி கொடுத்த மாணவரின் வீட்டுக்கு யாராவது விசாரிக்கப் போனால் பதில் சொல்ல வேண்டியது ஆசிரியர்தான். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் கடமை. அது நடந்ததா என்பதையும் மாணவர் தேதியோடு குறித்துவைக்கட்டும்.

பதில் வந்தபின் தேதிகளை வரிசையாக எழுதி இடைவெளியைக் கணக்கிடச் செய்யுங்கள். அடுத்து, ஒரு கூட்டத்தில் நிலுவை என்று எழுதிய வழக்கு அடுத்த கூட்டத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கான நிவாரணத் தொகை, மத்திய விதிகளின் 2016 திருத்தப்படி குற்றத்துக்கு ஏற்ப 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை; தமிழ்நாட்டில் அது பின்னர் உயர்த்தப்பட்டது. அதுவும் தவணை தவணையாக வருவது. முதல் தகவல் அறிக்கைக்குப் பின் எவ்வளவு, குற்றப்பத்திரிகைக்குப் பின் எவ்வளவு என்று பாடப்புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். குறிப்பில் விடுபட்ட தவணையைத் தேடும்போது அட்டவணை மனப்பாடமாகிவிடும்.

பாதிக்கப்பட்டவர்களிடம் விசாரிக்க ஊருக்குப் போவதைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. பதினைந்து பேரை வேனில் ஏற்றிக் காலனியில் இறக்குவது பயிற்சி அல்ல, வேடிக்கை பார்ப்பது. மூன்று பேர் போதும்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் நேரத்தையும் சுற்றியிருப்பவர்களையும் கவனிக்க. நோட்டில் பெயருக்குப் பதில் எண். படம் வேண்டாம். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, கண்டது, கேட்டது, ஊகித்தது என்று எழுதவையுங்கள். முதல் முறை எல்லாமே மூன்றாவது பத்தியில் இருக்க வேண்டியதாகத்தான் இருக்கும். 'பணம் வாங்கித் தருகிறோம்' என்ற சொல் மட்டும் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

மனித உரிமை ஆணையத்துக்கான புகாரைப் பெயர் நீக்கிய பழைய வழக்கை வைத்தே எழுதிப் பழகலாம். நிகழ்ந்து ஓராண்டு தாண்டினால் விசாரிக்க மாட்டார்கள். மாநில ஆணையத்தில் இருப்பதைத் தேசிய ஆணையம் எடுக்காது. 'கொடூரமான', 'மனிதாபிமானமற்ற' போன்ற அடைமொழிகளை அடித்துவிட்டுத் தேதி, இடம், அலுவலரின் பதவி, கேட்கும் பரிகாரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

மதிப்பெண்ணைப் பதில் வந்ததா என்பதற்குப் போடாதீர்கள். மனுவுக்கும் மேல்முறையீட்டு வரைவுக்கும் போடுங்கள். பதிலே வராத மாணவர்தான் பெரும்பாலும் நல்ல மேல்முறையீடு எழுதுகிறார்.