நாவலின் தொன்மை வேர்கள்: படிப்பதும் விடை எழுதுவதும்

இலக்கியத் தாளில் நாவலின் தோற்றம் பற்றிய கேள்வி பல உருவங்களில் வரும். ‘நாவல் வடிவத்தின் தொன்மையான வேர்களை ஆராய்க’ என்று நேராகக் கேட்பார்கள். ‘நாவல் 18ஆம் நூற்றாண்டில் பிறந்தது – விவாதிக்க’ என்று சீண்டுவார்கள். ‘காவியத்துக்கும் நாவலுக்கும் உள்ள உறவு’ என்று சுற்றிவளைத்தும் வருவார்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நாவல் என்று எதைச் சொல்கிறீர்கள்? இதற்கு ஒரு நிலைப்பாடு இல்லாமல் ஆண்டுகளையும் பெயர்களையும் மட்டும் மனப்பாடம் செய்தவரின் விடை, நூற்பட்டியலாகவே நின்றுவிடும்.

அதனால் படிப்பை அளவுகோலிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் ஐந்தை எழுதிக்கொள்ளலாம்: உரைநடையில் இருப்பது, தனி நூலாக நிற்கும் நீளம், இது புனைவு என்று எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் தெரிந்திருப்பது, பாத்திரத்தின் மனம் உள்ளிருந்து காட்டப்படுவது, சாதாரண மனிதர் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில், வரவு செலவோடு வாழ்வது. முதல் மூன்று போதும் என்றால் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிய கிரேக்கக் கதைகளே நாவல்கள். நான்காவதை முன்னிறுத்தினால் 11ஆம் நூற்றாண்டு ஜப்பான் (‘கெஞ்சியின் கதை’) முன்னுக்கு வரும். புனைவு என்ற உணர்வையே கதைப்பொருளாக்கிய நூலைத் தேடினால் 1605இன் ஸ்பெயினில் (‘டான் கிகோட்டே’) போய் நிற்போம். ஐந்தாவதை வற்புறுத்தினால் 1719இன் லண்டன் (‘ராபின்சன் குரூஸோ’). ‘முதல் நாவல் எது’ என்ற சண்டை பெரும்பாலும் அளவுகோல் சண்டைதான். விடையின் முதல் பத்தியில் இதைச் சொல்லி, நீங்கள் எதை ஏற்கிறீர்கள், ஏன் ஏற்கிறீர்கள் என்று இரண்டு வாக்கியம் எழுதிவிட்டால் மீதி விடைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

கிரேக்கப் பகுதியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முழுதாகக் கிடைத்தவை ஐந்து: காரிட்டனின் ‘காலிரோயி’, எபேசஸ் ஸெனஃபனின் ‘எபேசியக் கதை’, அகிலஸ் டாட்டியஸின் ‘லூசிப்பியும் கிளிட்டஃபானும்’, லோங்கஸின் ‘டாஃப்னிஸும் குளோயியும்’, ஹீலியோடோரஸின் ‘ஏத்தியோப்பிக்கா’. ஐந்துக்கும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றே: காதலர் சந்திப்பு, பிரிவு, கடற்கொள்ளையர், பொய்மரணம், அடிமைச் சந்தை, கடைசியில் சேர்க்கை. இந்தக் கதைச்சுருக்கத்தை எழுதிவிட்டு நகர்வது வீண். தேர்வாளர் பார்ப்பது, இவை கதையை எப்படிச் சொல்கின்றன என்பதை.

‘ஏத்தியோப்பிக்கா’வின் தொடக்கத்தை நிதானமாகப் படியுங்கள். விடிகாலை. நைல் முகத்துவாரத்தை ஒட்டிய குன்றிலிருந்து கொள்ளையர் சிலர் கீழே பார்க்கிறார்கள். கரையில் சரக்கு நிறைந்த கப்பல், ஆளில்லை. மணலெங்கும் பிணங்கள், நடுவே கலைந்துகிடக்கும் விருந்து மேசைகள். பாறைமேல் ஒரு பெண், காயம்பட்ட இளைஞனைப் பார்த்தபடி இருக்கிறாள். என்ன நடந்தது என்று கொள்ளையருக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. நூல் பத்துப் பாகம். இந்தக் காட்சிக்கான விளக்கம் ஐந்தாம் பாகத்தின் இறுதியில், ஒரு பாத்திரத்தின் வாய்வழியாகத்தான் வருகிறது. இடையிலிருந்து தொடங்கும் காவிய உத்தியை உரைநடைக்குக் கொண்டுவந்ததோடு, நோக்குநிலையைக் கட்டுப்படுத்தி வாசகரைத் துப்புத் தேட வைப்பதும் இங்கே உண்டு. இந்த ஒரு காட்சியை நான்கு வரியில் எழுதினால், ‘பழங்கதைகள் எளிமையானவை’ என்ற வாதத்துக்கு அதுவே பதில்.

இங்கே காலக்கணிப்பில் ஒரு கண்ணி உண்டு. 1876இல் ஜெர்மானிய அறிஞர் எர்வின் ரோடே கிரேக்க நாவல் பற்றி எழுதிய பெருநூலில் காரிட்டனை மிகப் பிந்தியவராக, 5, 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வைத்தார். பின்னர் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) கைப்பிரதித் துண்டுகள் அதைக் கவிழ்த்தன, கி.பி. 200ஐ ஒட்டிய பிரதிகளே கிடைத்துவிட்டதால் காரிட்டன் வரிசையின் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு வந்துவிட்டார். பழைய குறிப்புகளிலிருந்து படிப்பவர்கள் இன்னும் ரோடேயின் வரிசையையே எழுதிவிடுகிறார்கள். பாப்பிரஸ் செய்தியைச் சேர்த்து எழுதினால், கிடைத்த ஐந்துக்கு அப்பால் துண்டுகளாக இன்னும் பல நூல்கள் இருந்தன என்ற முக்கியமான உண்மையும் கூடவே வந்துவிடும்.

கோட்பாட்டுக்கு ரஷ்யச் சிந்தனையாளர் மிகயீல் பக்தீன் போதும், ஆனால் சரியாக. கிரேக்கக் கதைகளில் ஓடுவதை அவர் ‘சாகசக் காலம்’ என்கிறார்: எத்தனை ஆபத்து வந்தாலும் காதலருக்கு வயதாவதில்லை, மனம் மாறுவதில்லை, காலம் அவர்கள்மேல் தடம் பதிப்பதில்லை. இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் ஒவ்வொரு நூலையும் ‘இங்கே காலம் தடம் பதிக்கிறதா?’ என்று கேட்டே அளந்துவிடலாம்.

லத்தீனில் இரண்டு: பெட்ரோனியஸின் ‘சாட்டிரிக்கான்’ (துண்டுகளாகவே எஞ்சியது), அபுலேயஸின் ‘பொன் கழுதை’ (11 பாகம், முழுமையானது). இரண்டாவதை விடாதீர்கள். மாந்திரீகத்தில் ஆசைவைத்த லூசியஸ் கழுதையாகிவிடுகிறான். கழுதை முன்னால் யாரும் எதையும் மறைப்பதில்லை. அதனால் மாவு ஆலையிலும் படுக்கையறையிலும் திருடர் குகையிலும் நடக்கும் அந்தரங்கம் முழுதும் அவன் காதில் விழுகிறது. பொதுவெளியில் நடக்கும் வீரம் காவியத்துக்குச் சொந்தம். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சொல்ல நாவலுக்கு ஓர் ஒட்டுக்கேட்பவர் தேவை. பக்தீன் காட்டும் இந்த இழையைப் பிடித்தால் 1554இல் பெயரிலி ஒருவர் எழுதிய ‘லாசரில்லோ’ புரியும்: அங்கே அதே வேலையை எஜமானர் பலரிடம் மாறிமாறி ஊழியம் செய்யும் சிறுவன் செய்கிறான். 1740இல் வந்த ரிச்சர்ட்சனின் ‘பமீலா’வில் பணிப்பெண் கையில் பேனாவே வந்துவிடுகிறது. கழுதை, வேலைக்காரச் சிறுவன், கடிதம் எழுதும் பணிப்பெண் – ஒன்றரை ஆயிரம் ஆண்டு வளர்ச்சியை ஒரே பத்தியில் கட்ட இதைவிட நல்ல இழையை நான் பார்க்கவில்லை.

ஐரோப்பாவுக்கு வெளியே வரும்போது ஒரு ஒழுக்கம் வேண்டும். காட்டக்கூடிய தொடர்பு ஒன்று, தனித்தனியே நடந்த ஒத்த வளர்ச்சி வேறு. முராசாகி ஷிகிபு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கெஞ்சியின் கதை’ 54 அத்தியாயம். நாயகன் முதுமையடைந்து, கதை முடியும் முன்பே இறந்துபோகிறான். கடைசிப் பகுதி அடுத்த தலைமுறையுடையது. காலம் தடம் பதிக்கும் நாவலுக்கு இதைவிடப் பழைய, இவ்வளவு நீண்ட சான்று கிடையாது. ஆனால் இது ஐரோப்பிய நாவலைப் பாதித்தது என்று எழுதினால் விடை சரிந்துவிடும். ஆர்தர் வேலியின் ஆங்கிலப் பெயர்ப்பு வரத் தொடங்கியதே 1925இல். 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ‘காதம்பரி’யும் அப்படியே: கதைக்குள் கதை, பிறவி மாறியும் தொடரும் காதல், ஆசிரியர் மறைந்தபின் மகன் முடித்த நூல். சீனத்தில் ‘மூன்று பேரரசுகள்’, ‘மேற்கு நோக்கிய பயணம்’ முதலியவை கதைசொல்லிகளின் மேடையிலிருந்து வளர்ந்தவை. ‘அடுத்து என்ன ஆனது என்பதை அடுத்த அத்தியாயத்தில் கேளுங்கள்’ என்ற பாணியில் அத்தியாயம் முடிவதே அதற்குச் சான்று. 1791இல் அச்சான ‘செம்மாடக் கனவு’ அந்த வடிவத்தைக் குடும்பத்துக்குள்ளும் மனத்துக்குள்ளும் கொண்டுபோகிறது.

இதற்கு மாறாக ஹீலியோடோரஸ் விஷயத்தில் தொடர்பைக் கையால் தொட்டுக் காட்டலாம். 1534இல் பாசெலில் கிரேக்க மூலம் அச்சாகிறது. 1547இல் ஜாக் அமியோ பிரெஞ்சில் தருகிறார். 1613இல் செர்வாண்டஸ், வரவிருக்கும் தம் நூல் ஒன்று ஹீலியோடோரஸோடு போட்டியிடத் துணிவது என்றே முன்னுரையில் எழுதுகிறார். இப்னு துஃபைலின் அரபு நூல் ‘ஹய் இப்னு யக்ஸான்’, காட்டக்கூடிய தொடர்பு, தனித்த வளர்ச்சி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தனித்தீவில் வளரும் மனிதனின் கதை. 1671இல் லத்தீனில், 1708இல் அரபு மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. டீஃபோவின் ‘ராபின்சன் குரூஸோ’ 1719. ‘தாக்கம் இருந்திருக்கலாம்’ என்பதோடு நிறுத்துங்கள். ‘நகல்’ என்று எழுதாதீர்கள்.

செர்வாண்டஸின் ‘டான் கிகோட்டே’யில் முழுநூலும் படிக்க நேரமில்லாதவர் முதல் பாகத்தின் 1 முதல் 9 வரை, இரண்டாம் பாகத்தின் 2 முதல் 4 வரை, பிறகு 59 – இந்த அத்தியாயங்களைப் படித்தால் தேர்வுக்குத் தாங்கும். முதல் பாகம் எட்டாம் அத்தியாயத்தில் இருவர் வாளை ஓங்கியபடி நிற்கையில் கதை நின்றுவிடுகிறது; கைப்பிரதி அவ்வளவுதான் என்கிறார் கதைசொல்லி. ஒன்பதில் டொலேடோ சந்தையில் ஒரு சிறுவன் விற்கும் பழைய அரபு நோட்டுகளை அரை ரியாலுக்கு வாங்கி, திராட்சை வற்றலும் கோதுமையும் கூலியாகக் கொடுத்து மொழிபெயர்க்க வைக்கிறார். மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பவர் என்று கதைக்கும் வாசகருக்கும் நடுவே மூன்று பேர். இரண்டாம் பாகத்தில் (1615) பாத்திரங்களுக்கே முதல் பாகம் அச்சான செய்தி தெரியும். 1614இல் வேறொருவர் வெளியிட்ட போலித் தொடர்ச்சியைப் பற்றி 59ஆம் அத்தியாயத்தில் கேள்விப்பட்டதும், அதைப் பொய்யாக்கவே கிகோட்டே சரகோசாவுக்குப் போகாமல் பார்சலோனா பக்கம் திரும்புகிறார். ‘வீரசாகசக் கதைகளைக் கேலி செய்தது’ என்ற ஒற்றை வரியோடு இந்நூலைக் கடப்பது பெரிய இழப்பு.

18ஆம் நூற்றாண்டுக்கு ஆங்கில விமர்சகர் அயன் வாட்டின் 1957ஆம் ஆண்டு நூல் ‘நாவலின் எழுச்சி’ தவிர்க்க முடியாதது. அவர் கையாளும் கருத்து ‘வடிவ யதார்த்தம்’. கதை உண்மையாக நடந்ததா என்பதை அது கேட்கவில்லை. சாதாரணப் பெயர், கடிகார நேரம், பொருட்பட்டியல் வழியாக அனுபவத்தின் நம்பகத்தை வடிவமே உருவாக்குவதைக் குறிக்கிறது. குரூஸோ தீவில் தன் நன்மை தீமைகளை இரு பத்தியாகக் கணக்கெழுதும் இடம் இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் மூவரையும் வாட் ஆராய்ந்தாலும் ஃபீல்டிங் இந்தச் சட்டத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. அஃப்ரா பென் போன்ற பெண் எழுத்தாளர்களுக்கு அவர் தரும் இடம் குறைவு. பழம் உரைநடைப் புனைவுக்கு அதைவிடக் குறைவு. இதற்கு எதிர்வாதமாக மார்கரெட் ஆன் டூடி 1996இல் நாவலுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி உண்டு என்றார். இது புதுச் சண்டையும் கிடையாது: 1670இலேயே பிரெஞ்சு அறிஞர் ஹுயே நாவலின் தோற்றத்தைக் கீழை நாடுகளில் தேடினார், 1785இல் கிளாரா ரீவ் ரொமான்ஸையும் (அற்புத சாகசக் கதை) நாவலையும் பிரித்துக் காட்டினார். ‘விவாதிக்க’ என்ற கேள்விக்கு வாட், டூடி இருவரையும் எதிரெதிரே நிறுத்தினால் போதும். என் கணிப்பில் டூடியின் தொடர்ச்சி வாதமும் வாட்டின் யதார்த்த வாதமும் வெவ்வேறு அளவுகோலுக்குச் சரியானவை. அப்படி எழுதுவது மழுப்பல் ஆகாது, எந்த அளவுகோலுக்கு எது என்று பெயர்சொல்லி எழுதும்வரை.

19ஆம் நூற்றாண்டை இந்தக் கேள்வியில் நீட்டவேண்டாம். வெளியீட்டு முறை வடிவத்தை மாற்றியது என்ற ஒரு புள்ளி போதும். இங்கிலாந்தில் மூன்று தொகுதி நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். பெரும்பாலோர் வாடகை நூலகத்தில்தான் படித்தார்கள். 1836இல் டிக்கன்ஸின் ‘பிக்விக்’ மாதம் ஒரு ஷில்லிங் பகுதியாக வந்தது. பகுதிகளாக வரும் கதைக்குப் பாத்திரங்களை எளிதில் நினைவில் நிறுத்தும் பேச்சுமுறையும், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முடிச்சும் வேண்டியிருந்தன.

நடையில் ஒரு புள்ளி மட்டும் கட்டாயம்: தடையற்ற மறைமுகக் கூற்று. ‘நாளைக்குப் போய்விடுவேன் என்று நினைத்தாள்’ என்பது நேர்க்கூற்று. ‘மறுநாள் போய்விடப்போவதாக எண்ணிக்கொண்டாள்’ என்பது அயற்கூற்று. ‘அவள் சன்னலைச் சாத்தினாள். நாளைக்கு அவள் போயே தீருவாள். இந்த வீட்டில் இனி ஒரு நாளா, அவளாவது இருப்பதாவது!’ – இங்கே படர்க்கை கதைசொல்லியுடையது, கொதிப்பு அவளுடையது. ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’விலும் (1815) ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யிலும் (1857) இது முறையாகப் பயன்படுகிறது. இப்படி ஒரு மாதிரியைச் சொந்தமாக எழுதிப் பழகுங்கள். தேர்வில் மூன்றே வரியில் கருத்தை நிறுவிவிடலாம். நனவோடை (மனத்தில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதுவது) இதன் அடுத்த கட்டம், இரண்டும் ஒன்றில்லை.

45 நிமிடக் கட்டுரையானால் 6 நிமிடம் குறிப்புக்கு, 35 எழுதுவதற்கு, 4 சரிபார்ப்புக்கு. குறிப்பில் ஆறு நூலுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வடிவத்தில் புதிதாகச் செய்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். எதிரே எழுத எதுவும் தோன்றாத நூலை அடித்துவிடுங்கள், எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும். காவியம்–நாவல் உறவு கேட்கப்பட்டால் அதே ஆறு நூல்களை வைத்துக்கொண்டு தொடக்கப் பத்தியை மட்டும் மாற்றலாம்: காவியத்தின் கடந்தகாலம் முடிந்து மூடப்பட்டது, நாவல் முடிவுறாத நிகழ்காலத்தோடு உரசுகிறது என்ற பக்தீனின் கருத்திலிருந்து தொடங்குங்கள்.

கடைசி 4 நிமிடத்தில் பார்க்கவேண்டியவை, அடிக்கடி இடம் மாறுபவை: கிகோட்டேயின் இரு பாகங்கள் 1605, 1615, ‘பமீலா’ 1740, அதற்குப் பதிலாக வந்த ஃபீல்டிங்கின் ‘ஜோசஃப் ஆண்ட்ரூஸ்’ 1742, பிரெஞ்சுக் கவிஞர் கிரெட்டியான் த திருவாவின் 12ஆம் நூற்றாண்டு ஆர்தர் கதைகள் செய்யுள், உரைநடை லான்சிலாட் அடுத்த நூற்றாண்டு, ‘லாசரில்லோ’வுக்கு ஆசிரியர் பெயர் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.