தாழ்வாரத்து ஓடு: ஆயிரம் வேய்ந்தேன், நானூறு குப்பைக்குப் போனது

மூன்று வாரமாக இழுத்தடித்த என் மாதிரி வீட்டின் தாழ்வாரக் கூரை நேற்று இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. பெருமையை அடக்க முடியாமல் எழுதுகிறேன்.

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கும் ஒரு சாதாரண இரண்டடுக்கு வீடு. அளவு 1:25, அதாவது நிஜ வீட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பாரதியார் குடியிருந்த வீடும் இதே வீதியில்தான். 1908-ல் புதுவைக்கு வந்தவர் 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். அந்த வீட்டையே செய்யச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். அது இப்போது அருங்காட்சியகம், எல்லாரும் படம் எடுக்கிற வீடு. எனக்குப் பேர் இல்லாத வீடுதான் வேண்டும். கீழே திண்ணை, மரத்தூண், தாழ்வாரம். மேலே வளைவு ஜன்னல், சாய்வாகப் பட்டைகள் அடுக்கிய பலகைக் கதவு, காரைத்தூண். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்று ஒரே சுவரில் இரண்டு முகம் காட்டும் வீடு.

ஒரு சிக்கல். நான் அளவெடுத்த வீட்டில் இப்போது தாழ்வாரமே கிடையாது. திண்ணைக்கு மேலே, தலைக்கு எட்டாத உயரத்தில், சம இடைவெளியில் பூசி அடைத்த ஐந்து சதுரத் தழும்புகள் மட்டும் தெரிகின்றன. தாழ்வாரக் கூரையைத் தாங்கும் கைமரம் செருகியிருந்த பொந்துகள். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் வீட்டுக்கார அம்மா வெளியே வந்துவிட்டார்.

"என்ன தம்பி, சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற?"

சொன்னேன். "அதெல்லாம் மாமனார் காலத்துலயே எடுத்தாச்சு. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும், ஆள் எங்க கிடைக்கிறான்?" என்றார். பிறகு அவரே உள்ளே போய், நொத்தேர் (நோட்டரி) எழுதிய வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்த ஒரு பழைய கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். மாப்பிள்ளைக்குப் பின்னால் இரண்டு தூணும் கொஞ்சம் ஓட்டு விளிம்பும் தெரிகின்றன. எனக்கு அது போதும்.

சுவர், திண்ணை, தூண் எல்லாம் இரண்டே வாரத்தில் முடிந்தன. பால்சா என்ற லேசான மரக் கட்டை மட்டும் வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. இணையத்தில் வாங்கிய கடைக்கு மூன்று தடவை படம் அனுப்பினேன், "இயற்கையான மரம் சார்" என்று பதில் வந்தது. தூணுக்குக் கடைசியில் மூங்கில் குச்சிதான் கைகொடுத்தது.

இனி ஓடு.

நாட்டு ஓடு என்றால் குயவர் சக்கரத்தில் குழாயாக இழுத்து நெடுக்காக இரண்டாகப் பிளப்பது. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். மல்லாந்த வரிசை கீழே, கவிழ்ந்த வரிசை மேலே. 1:25-ல் ஓர் ஓடு ஏழு மில்லிமீட்டர் நீளம். முதலில் சோம்பேறித்தனமாக நெளிவு அட்டையை ஒட்டிப் பார்த்தேன். தகரக் கொட்டகை மாதிரி இருந்தது. அடுத்து காற்றில் உலரும் களிமண். உலர்ந்ததும் சுருங்கியது, விளிம்பெல்லாம் பொரி மாதிரி உதிர்ந்தது.

மூன்றாவது முயற்சி ஈர்க்குச்சியில் காகிதம் சுற்றுவது. ஈர்க்கு கூம்பிக்கொண்டே போகுமே, அந்தக் குறுகல் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பு. ஈர்க்கு இரண்டடி நீளத்தில் கூம்புகிறது, ஏழு மில்லிமீட்டருக்குள் கூம்பாது. வந்ததெல்லாம் நேர்க்குழாய். நேர்க்குழாயைப் பிளந்து அடுக்கினால் ஓர் ஓடு இன்னோர் ஓட்டுக்குள் நுழையாது. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, ஐந்தாவது வரிசையில் கூரையே புடைத்து எழுந்தது. குறுகல் வெறும் அழகுக்கு இல்லை, ஓடு உட்காருவதே அதனால்தான் என்பது இருநூறு ஓடு வீணான பிறகு புரிந்தது.

தீர்வு மேஜை மேலேயே கிடந்தது. தூரிகைக் காம்பின் வால் பக்கம்! அங்கே கூம்பல் சரியான வேகம். காம்புக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்து, பழுப்பு உறைக் காகிதத்தில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி, இரண்டு சுற்று. தலைமுடி உலர்த்தியில் அரை நிமிடம். உருவி எடுத்து பிளேடால் இரண்டு பக்கமும் கீறினால் ஒரு குழாய்க்கு இரண்டு ஓடு. கிட்டத்தட்ட குயவர் வழியேதான்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. காகிதத்தை நேர்ப்பட்டையாக வெட்டினால் கூம்பில் சுற்றும்போது கோணிக்கொண்டு போகும். விசிறி மடல் மாதிரி லேசான வளைவோடு வெட்ட வேண்டும். இது தெரியாமல் இன்னொரு இருநூறு போனது. தகரத்தில் ஒரு அச்சு வெட்டிக்கொண்ட பிறகு மாலைக்கு நாற்பது குழாய் வந்தது.

கூரை 24 செ.மீ. அகலம், ஆறரை செ.மீ. சரிவு. குறுக்கே அறுபது, இறக்கமாகப் பதினாறு வரிசை. மல்லாந்த ஓடு விளிம்பில் இரண்டு வரிசைக்கு மட்டும்தான் வைத்தேன், உள்ளே கறுப்பு அட்டை. இதைத் திருட்டு என்பவர்கள் ஓட்டைத் தூக்கிப் பார்க்கட்டும். செங்காவியை நான்கு பதமாகக் கலந்து தனித்தனியாக அடித்து, டப்பாவில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த வரிசையில் ஒட்டினேன். வருஷா வருஷம் ஆங்காங்கே மாற்றிய கூரை ஒரே நிறமாக இருந்தால் பொய்.

திண்ணை 18 மி.மீ. உயரம் வந்திருக்கிறது. ஆள் உட்கார வைக்கலாம் என்ற ஆசையில் ஆறரை சென்டிமீட்டரில் ஒரு பாரதியார் செய்தேன். முண்டாசு உடம்பைவிடப் பெரிதாகிவிட்டதால் அலமாரிக்குள் இருக்கிறார். அவரைப் பிரிட்டிஷ் போலீசின் ஒற்றர்கள் பின்தொடர்ந்துகொண்டே இருந்தது தெரிந்த சங்கதி. எதிர்வீடு செய்தால் அந்தத் திண்ணை நிழலில் துண்டு போர்த்திய ஒருவரை உட்கார வைக்க வேண்டும். தாழ்வார நிழல் அதற்கென்றே விழுகிறது, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

அடுத்தது ஆனந்தரங்கப் பிள்ளை வீடு என்று மனசு இப்போதே ஓடிவிட்டது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். முற்றத்தைச் சுற்றிக் கீழே மரத்தூண், மாடியில் காரைத்தூண், அதாவது இந்த வீட்டின் இரண்டு முகமும் அங்கே வீட்டுக்குள்ளேயே. வழவழப்பான தூணைக் கடைய டிரில் மெஷினில் ஏதாவது வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.

இந்த வீட்டில் மாடியை இன்னும் தொடவே இல்லை. வளைவு ஜன்னலுக்கு மஞ்சள் அடிக்க உட்கார்ந்தேன். நல்ல தூரிகை மூன்றின் காம்பையும் ஓட்டுக்காக அறுத்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.