வாடகை அறையிலிருந்து வாக்காளர் இடாப்புக்கு

கொழும்பில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "வீட்டுக்காரர் வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயரைப் போட மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம்?" தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட, நான் பட்டதை முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் எட்டியாந்தோட்டைப் பக்கம், தோட்டத்தில் பிறந்தவள். வேலை கொழும்பில். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸில் இன்னும் சில பெண்களோடு இருக்கிறேன். வீட்டில் இருக்கும் வாக்காளர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும் பி.சி. படிவம் ஊரில் வந்தபோது, நான் வீட்டில் இல்லை, கொழும்பில் இருக்கிறேன் என்று அப்பா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அதனால் ஊர் இடாப்பிலிருந்து பெயர் போய்விட்டது. கொழும்பில் வீட்டுக்கார அன்டி தன் குடும்பத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆக, ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை.

இது எனக்குத் தெரிய வந்தது 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பு, அறையில் ஒருத்திக்கு வாக்காளர் அட்டை ஊருக்கு வந்திருக்கிறது என்று அவள் சொன்னபோதுதான். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். பதிவு இல்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, இடாப்பு அத்தாட்சிப்படுத்தியாகிவிட்டது, இனி அடுத்த மீளாய்வில்தான் என்றார்கள். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல், எல்லாம் அந்த 2024 இடாப்பின்படியே நடந்தன. ஒரு வருடம் பெயர் விடுபட்டதில் மூன்று தேர்தல்கள் போய்விட்டன. அந்த இடாப்பில் 1 கோடி 71 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். மாநகர சபைத் தேர்தலன்று எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் வாக்குச்சாவடிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் வேலைக்குப் போனேன்.

எனக்கு இது வெறும் ஒரு அட்டை விஷயம் இல்லை. எங்கள் அப்பாயி தலைமுறையிடமிருந்து வாக்குரிமையைப் பறித்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 1948 பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை வெளியே விட்டது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரசைகளுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், அடுத்த தேர்தலில் அநேகமாக இடாப்பிலேயே இல்லை. அதை எதிர்த்து நடந்த பெரிய வழக்கு எங்கள் கேகாலை மாவட்டத்தில்தான் தொடங்கியது. கோடகன்பிள்ளை என்பவர் ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். பதிவு செய்யும் அதிகாரி மறுத்தார். மீளாய்வு அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம், அந்தச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிச் சேர்க்கச் சொன்னார். உயர் நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்தது. அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் வரை போனார்கள். 1953இல் அங்கேயும் தோற்றார்கள். பிறகு 2003 வரை சட்டத்துக்கு மேல் சட்டம் கொண்டுவந்துதான் பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. அவ்வளவு பெரிய வழக்கும் ஒரு சாதாரண மனிதர் "என் பெயரை எழுதுங்கள்" என்று கேட்டதில்தான் தொடங்கியது. ஆகவே என் பெயரை யாரோ எழுதாமல் விட்டதை நான் அப்படியே விடுவதாக இல்லை.

சட்டத்தரணியாக இருக்கும் அக்கா ஒருவரிடம் போனேன். அவர் முதலில் எடுத்துக் காட்டியது இலங்கைச் சட்டத்தை இல்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரையைக் காட்டினார். இலங்கை 1980இல் அதில் இணைந்தது. அந்த உறுப்புரைக்கு ஐ.நா. மனித உரிமைகள் குழு 1996இல் எழுதிய பொதுக் கருத்துரை 25இல் ஒரு பந்தி இருக்கிறது: வாக்காளர் பதிவு தேவைப்படும் நாடுகளில் அதை இலகுவாக்க வேண்டும், தடை போடக்கூடாது, வதிவிட நிபந்தனை நியாயமானதாக இருக்க வேண்டும், வீடில்லாதவர்களை வெளியே தள்ளும் விதமாக அதைப் பயன்படுத்தக் கூடாது. வீடே இல்லாதவருக்கு அந்த உரிமை என்றால், மாதாமாதம் வாடகை கொடுத்து ஒரே அறையில் இருக்கிறவளுக்கு ஏன் இல்லை?

"இதை அங்கே போய்ச் சட்டமாக வாசிக்காதே. அவர்களுக்கு 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க தேருநர் பதிவுச் சட்டம்தான் கணக்கு. ஆனால் கேள்வியை எப்படிக் கேட்பது என்று இதிலிருந்து படித்துக்கொள்" என்றார் அக்கா. அது எனக்கு மிகவும் உதவியது.

கேள்வி இதுதான்: பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் சாதாரணமாக வசித்த இடம் எது? வீடு யாருக்குச் சொந்தம், ஒப்பந்தம் இருக்கிறதா, வீட்டுக்காரருக்கு விருப்பமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2025 மீளாய்வுக் காலத்தில் முதலில் அன்டியிடமே போய்ப் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருகிறவர். ஆனால் வாடகைக்கு இருப்பவர்களின் பெயரை இடாப்பில் போட்டால் பிறகு வீட்டை விட்டு எழும்ப மாட்டார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். கொழும்பில் இந்தப் பயம் எங்கும் இருக்கிறது. "பிள்ளை, நீ நல்லவள்தான், நாளைக்கு வேறு யாரும் வந்தால்?" என்றார். இடாப்பில் பெயர் இருந்தால் வசித்ததற்குச் சான்றாகக் காட்டலாம், அதனால் வீட்டில் சொத்துரிமை வந்துவிடாது என்று விளக்கினேன். தலையாட்டினார். படிவத்தில் எழுதவில்லை.

கிராம உத்தியோகத்தரிடம் போனேன். வீட்டுத் தலைவர் எழுதாததைத் தான் தானாக எழுத முடியாது, ஆனால் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னார். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையை முதலாம் ஆண்டுக்குச் சேர்ப்பதற்காக இடாப்புப் பிரதி தேடி வருகிறார்கள். பாடசாலை அனுமதிக்கு வதிவிடச் சான்றாக அதைக் கேட்பதால் கொழும்பில் நிறையப் பேருக்கு இடாப்பு என்றால் பாடசாலை ஞாபகம்தான் வருகிறது. வாக்குக்காக வந்தேன் என்றதும் பக்கத்திலிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

பிறகு பட்டியல்கள் காட்சிக்கு வந்தன. இதைக் கவனமாகப் பாருங்கள். ஒன்று ஏ பட்டியல், பழைய இடாப்பிலிருந்து நீக்கப் போகும் பெயர்கள். மற்றது பி பட்டியல், புதிதாகச் சேர்க்கப் போகும் பெயர்கள். வீட்டு இலக்கம் வீட்டு இலக்கமாக விரலை வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் இலக்கம் வந்தது. பி பட்டியலில் அன்டியின் மகன் பெயர், அவனுக்குப் பதினெட்டு ஆகியிருந்தது. அடுத்த வரி பக்கத்து வீடு. எங்கள் அறையில் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன். திகதி தெரிகிற மாதிரி எடுத்தது நல்லதாகப் போயிற்று.

கோரிக்கைப் படிவத்தோடு நான் வைத்தவை: வேலை செய்யும் இடத்திலிருந்து முகவரியோடு ஒரு கடிதம், அந்த முகவரிக்கு வந்த வங்கிக் கூற்றுகள், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், அன்டிக்கு வாடகை அனுப்பிய வங்கிப் பற்றுச்சீட்டுகள், ஊரில் பெயர் இல்லை என்று காட்டும் இணையத்தளப் பக்கத்தின் பிரதி. கடைசியாகச் சொன்னது முக்கியம். ஒருவர் இரண்டு இடத்தில் பதிய முடியாது, அந்தச் சந்தேகத்தை நீங்களே முதலில் தீர்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்தில் ஒப்பந்தம் என்னிடம் இல்லை. அது இல்லாமலேயே நடந்தது.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. அச்சடித்த பகுதி இரண்டு மொழியிலும் இருந்தது, கையால் நிரப்பிய திகதி, நேரம், காரணம் எல்லாம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். எங்கள் அம்மாவுக்கு வராது, அவர் என் இடத்தில் இருந்திருந்தால் நாளைத் தவற விட்டிருப்பார். வாக்களிப்பு பற்றிய தகவல்கள் சிறுபான்மை மொழிகளிலும் கிடைக்க வேண்டும் என்று அதே பொதுக் கருத்துரை சொல்கிறது. நம் அரசியலமைப்பும் தமிழை அரச கரும மொழியாகவே வைத்திருக்கிறது. தமிழில் மறுபடியும் தாருங்கள் என்று எழுதிக் கேட்டேன். சில நாளில் தந்தார்கள். கேட்காமல் தந்திருக்க வேண்டியது.

விசாரணை ஒரு மேசை, இரண்டு உத்தியோகத்தர்கள், ஒரு பெரிய பைல். அன்டியையும் அழைத்திருந்தார்கள். அவர் வெள்ளைச் சேலையில், கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி என் பேப்பர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு அவரிடம் கேட்டார்: "அம்மா, பெப்ரவரி முதலாம் திகதி இந்தப் பிள்ளை எங்கே இருந்தார்?"

"வாடகைக்குத்தான் இருக்கிறார் சேர்."

"அது பரவாயில்லை. இராத்திரி எங்கே படுத்தார்?"

"மேல்மாடியில்."

"எவ்வளவு காலமாக?"

அன்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவர் வந்தபோது மகன் ஓ.எல். எழுதவில்லை" என்றார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். வீட்டு உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை அம்மா, பயப்பட வேண்டாம் என்று அவரே ஆறுதலாகச் சொன்னார். நான் எத்தனையோ முறை சொன்னது அப்போதுதான் அன்டிக்கு ஏறியது. திரும்பும்போது ஒரே ஓட்டோவில் வந்தோம். கோரிக்கை ஏற்கப்பட்டது; 2025 இடாப்பில் என் பெயர் இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது இலகுவான தீர்வு. காரணம், பிணக்கு தேர்தலுக்கு முன்பே தீர்ந்தது. தேர்தல் முடிந்த பிறகு வரும் பிணக்குகளின் நிலைமை வேறு. ஜனாதிபதித் தேர்தல் முடிவை எதிர்ப்பதானால் 21 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும், பாராளுமன்றத் தேர்தல் என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில். மனுக் கொடுக்கிறவருக்குத்தான் அந்த அவசரம். 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க போட்ட மனுவுக்குத் தீர்ப்பு வந்தது 1992இல். ஆறு வருடப் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் அப்போது போய்விட்டது. ஐரோப்பியப் பேரவைக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் வெனிஸ் ஆணைக்குழு 2002இல் எழுதிய தேர்தல் நன்னடத்தைக் கோவை, முதல் கட்ட முறையீடுகளை மூன்று முதல் ஐந்து நாட்களில் தீர்க்கச் சொல்கிறது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. முழு ஜனாதிபதித் தேர்தல் மனுவை ஐந்து நாளில் விசாரிக்கவும் முடியாது. ஆனால் மூன்று வருடத்துக்கும் ஐந்து நாளுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

நீதிமன்றம் விரைந்து நடந்த காலமும் உண்டு. 1998இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை அவசரகால விதியைக் கொண்டு நிறுத்தியபோது, வாக்களிப்பதும் கருத்து வெளியிடும் உரிமையில் அடங்கும் என்று 1999 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொல்லி, மூன்று மாதத்துக்குள் தேர்தலை நடத்த உத்தரவிட்டது. நடந்தது. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட் 22இல்தான் தீர்ப்பு வந்தது, தேர்தல் வந்தது 2025 மேயில். இடைப்பட்ட இரண்டு வருடமும் கொழும்பு மாநகர சபையில் மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் இல்லை. அந்த வருடங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

வெனிஸ் கோவையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், இடாப்பு முடிந்த பிறகு முகவரி மாறியவர்களுக்கும் வயது வந்தவர்களுக்கும் ஒரு துணை இடாப்பு வைக்கலாம் என்பது. வயது வந்தவர்களுக்கு இலங்கையில் 2021 திருத்தத்தோடு அப்படி ஒரு வழி வந்துவிட்டது. இடம் மாறியவர்களுக்கும் அதைத் திறக்க வேண்டும். கொழும்பில் அனெக்ஸிலும் போர்டிங்கிலும் இருக்கிற மலையகப் பிள்ளைகளும் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்களும் கடையில் படுத்து வேலை செய்கிற பையன்களும் அப்போதுதான் தப்புவார்கள். வீட்டுத் தலைவர் கையெழுத்து இல்லாமலே வாடகைக்கு இருப்பவர் தன் படிவத்தைத் தானே கொடுக்கும் முறையும் வேண்டும். இதை நான் ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

இந்த வருடம் கோரிக்கை கொடுக்கப் போகிறவர்களுக்கு: பட்டியல் காட்சிக்கு வரும் அறிவித்தலில் கடைசித் திகதி போட்டிருக்கும், அதைத் தாண்டினால் ஒரு வருடம் போய்விடும். கோரிக்கையைக் கொடுக்கும்போது திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால், வாய்ப்பேச்சோடு வந்துவிடாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேன்முறையீட்டுக்குப் போகும்போது அந்தக் காரணத்துக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.