தோரா: எனக்கு 4 மதிப்பெண் வாங்கித் தந்த சொல்

இறையியல் படிப்பின் முதலாண்டில், பழைய ஏற்பாட்டுத் தாளில் 15 மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது: ‘தோரா – சொற்பொருளையும் வழக்கையும் விளக்குக.’ பார்த்ததும் மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். ஞாயிறு பள்ளியிலேயே படித்ததுதானே! தோரா என்றால் நியாயப்பிரமாணம், அதாவது கடவுள் தந்த சட்டம். வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான மோசேயின் ஐந்து ஆகமங்கள். பத்துக் கட்டளைகள் இன்னின்னவை. 3 பக்கம் எழுதித் தள்ளினேன். கிடைத்தது 4.

விடைத்தாளை வாங்கப் போனபோது ஆசிரியர் திட்டவில்லை. மேசையில் இருந்த பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை என் பக்கம் திருப்பி, நீதிமொழிகள் 1:8-ஐ வாசிக்கச் சொன்னார். ‘என் மகனே, உன் தகப்பன் புத்தியைக் கேள், உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே.’

“போதகம் என்று இருக்கிறதே தம்பி, எபிரெயத்தில் அங்கே நிற்கும் சொல் தோரா. உங்கள் அம்மா சொல்லும் புத்திமதியை நியாயப்பிரமாணம் என்பீர்களா?”

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை ஒரு நோட்டு வாங்கினேன். இந்தத் தாளுக்குப் படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அந்த நோட்டில் இருப்பதுதான்.

தோரா என்ற சொல் எபிரெய வேதாகமத்தில் ஏறத்தாழ 220 இடங்களில் வருகிறது. அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. ஐந்தாறு வசனங்களை எடுத்து, இடப்பக்கம் வசனம், வலப்பக்கம் தமிழில் அதற்கு வந்திருக்கும் சொல் என்று எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது பழைய மொழிபெயர்ப்பு ஒன்றிலேயே நான்கு சொற்கள் கிடைத்தன. லேவியராகமம் 6:9-இல் ‘சர்வாங்க தகனபலியின் பிரமாணம்’. உபாகமம் 1:5-இல் ‘நியாயப்பிரமாணம்’. நீதிமொழிகளில் ‘போதகம்’. முதலாம் சங்கீதத்தில் ‘கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து’ என்று ‘வேதம்’. எபிரெயத்தில் நான்கும் ஒரே சொல். பொது மொழிபெயர்ப்பை எடுத்தால் அதே சங்கீதத்தில் ‘திருச்சட்டம்’.

இந்த ‘வேதம்’ என்னைப் பல ஆண்டுகள் ஏமாற்றியிருந்தது. எங்கள் வீட்டில் வேதம் என்றால் கறுப்பு அட்டை போட்ட முழு வேதாகமம். சங்கீதக்காரனும் அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் தியானித்தான் என்று எண்ணியிருந்தேன். அவன் காலத்தில் அப்படியொரு புத்தகம் ஏது?

நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டால் பொருள் தானாகப் பிரிந்துவிடுகிறது. தாய் மகனுக்குச் சொன்னால் அறிவுரை. பலி செலுத்தும் குருவான ஆசாரியன் கேட்டவனுக்குச் சொன்னால் தீர்ப்பு, வழிகாட்டல். மோசே இஸ்ரயேலுக்குச் சொன்னால் முழுச் சட்டத்தொகுதி. எஸ்றா ஜனங்களுக்கு வாசித்தால், நெகேமியா 8-இல் காண்பதுபோல, ஏட்டில் எழுதப்பட்ட நூல்.

இவற்றில் மாணவர்கள் தவறவிடுவது ஆசாரியனைத்தான். ஆகாய் 2-ஆம் அதிகாரத்தைக் கட்டாயம் படியுங்கள். தீர்க்கதரிசி ஆசாரியரிடம் போய்த் ‘தோரா’ கேட்கிறார். ஒருவன் பரிசுத்தமான இறைச்சியை வஸ்திரத் தொங்கலில் முடிந்துகொண்டு போகிறான். அந்தத் தொங்கல் அப்பத்திலோ, சமைத்த உணவிலோ, எண்ணெயிலோ பட்டால் அவையும் பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டவன் அவற்றைத் தொட்டால்? தீட்டுப்படும் என்கிறார்கள். அவ்வளவுதான். சமையலறை வாசலில் கேட்கப்படும் கேள்விக்கு வரும் பதில்போல இருக்கிறது. அந்தப் பதிலுக்கும் பெயர் தோராதான். இப்படிப்பட்ட தனித்தனி முடிவுகள் பல இருந்ததால்தான் யாத்திராகமம் 18:16-இல் இந்தச் சொல் பன்மையில், ‘தோரோத்’ என்று வருகிறது.

வேர்ச்சொல்லுக்கு வருகிறேன். ‘ஹோரா’ என்றால் சுட்டிக் காட்டுதல், கற்பித்தல். ‘மோரே’ என்றால் ஆசிரியர். இன்றைய இஸ்ரேலியப் பள்ளிக்கூடத்திலும் ஆசிரியருக்கு அதே சொல்தான். இதை அம்பு எய்தலைக் குறிக்கும் ‘யாரா’ என்ற வினையோடு இணைத்து, ‘குறி தவறாமல் எய்வதே தோரா’ என்று பிரசங்கங்களில் அழகாகச் சொல்வார்கள். தேர்வில் அதை முடிந்த முடிவாக எழுத வேண்டாம். இரண்டும் ஒரே வேர்தானா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதைவிட வலுவான சான்று லேவியராகமம் 14:57-இல் இருக்கிறது. எப்பொழுது தீட்டு, எப்பொழுது சுத்தம் என்று ‘கற்பிக்கும்படி’ உள்ள தோரா இது என்று அந்த வசனம் முடிகிறது. வினையும் பெயரும் ஒரே வரியில். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவாகக் கிடைக்கும் மதிப்பெண் அந்தத் தாளில் இல்லை.

பிறகு எப்படிச் சட்டம் என்ற பொருள் மட்டும் தலைதூக்கியது? கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஐந்தாகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள் பெரும்பாலும் சட்டம் என்று பொருள்படும் ‘நோமோஸ்’ என்ற சொல்லை இட்டார்கள். லத்தீனில் அது ‘லெக்ஸ்’ ஆயிற்று. பவுல் தம் நிருபங்களில் நோமோஸ் என்றே எழுதினார். நம் நியாயப்பிரமாணம் அந்த வழியில் நடந்து வந்த சொல். உபாகமத்தின் கிரேக்கப் பெயரிலும் அதே சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 17:18-இல் அரசன் தனக்காக எழுதிக்கொள்ள வேண்டிய ‘தோராவின் பிரதி’, கிரேக்கத்தில் ‘இரண்டாம் சட்டம்’ ஆகி, புத்தகத்துக்கே பெயராகிவிட்டது. ஆனால் சட்டம் என்பதைத் தவறு என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பொருளும் உண்டு. அது மட்டுமே இல்லை, அவ்வளவுதான். என் வகுப்பில் ஒருவர் மறுகோடிக்குப் போய், தோராவில் சட்டமே இல்லை என்று எழுதி என்னைவிடக் குறைவாக வாங்கினார்.

தோராவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில. தனாக் என்பது தோரா, நெவியீம் (தீர்க்கதரிசிகள்), கெத்துவீம் (எழுத்துகள்) மூன்றும் சேர்ந்த எபிரெய வேதாகமம். தல்மூத் என்பது மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பும் அதன்மீதான விவாதங்களும். யூத மத அறிஞர்களான ரபீக்கள் எழுத்துத் தோரா, வாய்மொழித் தோரா என்று இரண்டைச் சொல்வார்கள். மிஷ்னா இரண்டாவதைச் சேர்ந்தது. ஹலாக்கா என்பது அன்றாடம் கடைப்பிடிக்கும் நெறி; நடத்தல் என்ற வினையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். நடையிலிருந்து நடத்தை வந்ததுபோல என்று நினைத்துக்கொண்டால் தமிழருக்கு மறக்காது. முஸ்லிம் நண்பர்கள் தவ்ராத் என்று சொல்வது மூசா நபிக்கு அருளப்பட்ட வேதத்தை.

613 கட்டளைகள் என்ற எண்ணை எல்லோரும் எழுதுவார்கள். எங்கிருந்து வந்தது என்று எழுதுபவர் குறைவு. ஐந்தாகமங்களில் அந்த எண் இல்லை. தல்மூதில் ரபீ சிம்லாய் சொன்னது: செய்யத்தக்கவை 248, தவிர்க்கத்தக்கவை 365. எபிரெயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. தோரா என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 400, 6, 200, 5 – மொத்தம் 611. இறைவனின் வாயிலிருந்தே மக்கள் நேரே கேட்ட முதல் இரண்டு கட்டளைகளையும் சேர்த்தால் 613 என்று அங்கேயே கணக்குக் காட்டுகிறார்கள்.

மறுதேர்வில் அதே கேள்வி வேறு சொற்களில் வந்தது. தாயின் போதகத்தில் தொடங்கி, ஆகாயின் வஸ்திரத் தொங்கலுக்குப் போய், எஸ்றாவின் நூலில் முடித்தேன். பத்துக் கட்டளைகளை எழுதவே இல்லை. 12 கிடைத்தது. மீதி 3 எங்கே போயிற்று என்று புரட்டிப் பார்த்தேன். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவைப் பாபிலோனியத் தல்மூதின் காலத்துக்குத் தள்ளி, 300 ஆண்டு பிந்தியதாக எழுதியிருந்தேன். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.